மாற்றலாமா: ஆம்

இரவு பதினொன்றரை.
பூலிம் பணிமனையின் மூன்றாம் மாடியில்
குளிரூட்டியை நிறுத்திவிட்டார்கள்.
கீழே கழுவும் பாதையில்
கடைசி இரட்டைமாடிப் பேருந்து சொட்டிக்கொண்டு நிற்கிறது.
அடுத்த வாரத்துக்கு அறுநூற்று நாற்பது ஓட்டுநர்கள்,
நான், ஆறிப்போன கோப்பி ஓ.

நிரல் நூலகத்திடம் எடுத்த எடுப்பில்
"தீர்வு சொல்" என்று கேட்பதில்லை நான்.
முதலில் விசாரிப்பேன்.
ஒரு பண்பின் பெயரைக் கொடுத்தால்
அதன் மதிப்பைச் சொல்லாது,
அதைப் பற்றிச் சொல்லும்:
எண்ணா எழுத்தா,
யாரைச் சேர்ந்தது, கைவைக்கலாமா கூடாதா.
சம்பந்தம் பேசப் போகுமுன்
புளோக்கின் கீழ்க் காப்பிக்கடையில்
காதோடு கேட்டுக்கொள்வதைப் போல.

மொத்தச் செலவு: மெய்யெண். மாதிரியைச் சேர்ந்தது.
மாற்றலாமா: இல்லை.
தீர்வு நிலை: முழு எண். மாதிரியைச் சேர்ந்தது.
மாற்றலாமா: இல்லை.
பெயர்: எழுத்துச்சரம். மாறியைச் சேர்ந்தது.
மாற்றலாமா: ஆம்.

மாற்றினேன் ஒருமுறை.
ஓ417_செவ்வாய்_0512 என்றிருந்ததை
இட்ரிஸ் என்று.
விடை ஒரு காசுகூட நகரவில்லை.

பண்புத்தொகை நினைவிருக்கிறதா உங்களுக்கு?
உயர்நிலை நான்கில் இரண்டு மதிப்பெண்.
செந்தாமரையைப் பிரித்தால் செம்மை வரும்,
சேர்த்தால் மை உதிரும்,
நடுவில் 'ஆகிய' ஒளிந்துகொள்ளும்.
ஓட்டுநர் 417 என்று அட்டவணையில் ஓடுகிறதே,
எதுவாகிய 417?

அவருடைய விண்ணப்பம் என் விசைப்பலகைக்கு அடியில் இருக்கிறது.
ஸ்கூடாயிலிருந்து இரண்டே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி
இரண்டாம் பாலம் கடந்து வருகிறவர்.
செவ்வாய் முதல் பஸ் மட்டும் வேண்டாம், எழுதியிருக்கிறார்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

காரணம் என்றொரு பண்பு உண்டா என்று
நூலகத்தையே கேட்டுப்பார்த்தேன். வீம்புக்குத்தான்.
அப்படி ஒன்று இல்லை, பிழை எண்ணோடு பதில்.
சமாளிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை.
இல்லாததை இல்லை என்று சொல்ல
எங்கள் அலுவலகத்தில் அது ஒன்றுக்குத்தான் தெரியும்.

சரி, அவரை விட்டுக்கொடுத்தால் என்ன விலை?
நிழல் விலை கேட்டேன். தர மறுத்தது.
ஆட்களை முழுசாக எண்ணும் கணக்கில்
அந்தப் பண்பு கிடைக்காதாம்.
ஓர் ஓட்டுநரை முக்காலாகவும் காலாகவும் வெட்டலாம் என்று
நான் ஒப்புக்கொண்டால் மட்டுமே
விலை சொல்லும்.
ஒப்புக்கொள்ளவில்லை. கோப்பியைக் குடித்து முடித்தேன்.

மேல்வரம்பு: மெய்யெண். மாறியைச் சேர்ந்தது.
மாற்றலாமா: ஆம்.

ஒன்றைச் சுழியமாக்கினேன்.
ஒரே விசை. சத்தம்கூட இல்லை.
மறுபடி ஓடவிட்டேன், நான்கு நிமிடம்.
செலவு பதினோரு வெள்ளி நாற்பது காசு ஏறியிருந்தது.

காலையில் சியோக் லெங் கேட்டார்,
இது என்ன பதினோரு வெள்ளி?
மேல்வரம்பு என்றேன்.
எதற்கு என்றார்.
ஒரு கோடு போட்டேன் காற்றில்.
அவர் சிரித்தாரா தெரியவில்லை,
கையொப்பமிட்டார்.

செவ்வாய் ஐந்து பன்னிரண்டுக்கு
பேருந்து சரியாகத்தான் கிளம்பியது.
ஜூரோங் வெஸ்ட் தெருக்களில் விளக்கு அணையாத நேரம்.
ஓட்டியது 288.
நிரல் தேர்ந்த ஆள்.
அவர் எத்தனை மணிக்கு எழுந்தார்,
எந்தப் பக்கமிருந்து வந்தார்,
வேண்டாம் என்று எழுத அவருக்குத் தோன்றியதா,
எதையும் நான் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன்.
ஓ288, பெயர்?
எழுத்துச்சரம், என்கிறது.
மாறியைச் சேர்ந்தது.
மாற்றலாம்.